நுரை தள்ளிய சக்கரம்

அத்தியாயம் 5

"நாலு மணி வரைக்கும்தான் டைம்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர் எல்லப்பன். "நாலு அடிச்சா சிங்கராயரை ஜீப்புல ஏத்திகினு போளூர் போயிடுவேன். இங்க மாஜிஸ்திரேட் லீவு, அங்க இருக்கறவர்தான் இன்சார்ஜ். கேஸ் கொலை முயற்சி. ஜீப்பு புதன்கிழமை தேசூர் பந்தோபஸ்துக்குப் போயி இன்னிக்குக் காலைலதான் திரும்புச்சு. இல்லன்னா நேத்து ராத்திரியே வேலை முடிஞ்சிருக்கும்."

துப்பறிவாளர் தணிகாசலம் ஸ்டேஷன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றேகால். போலீஸ் கடிகாரத்தை அப்படியே நம்பக்கூடாது என்று தன் கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார். அதுவும் ஒன்றேகால் என்றது. இரண்டும் சேர்ந்து பொய் சொல்லாது என்று ஒருவாறு ஒப்புக்கொண்டார்.

வேலூரில் பதினோரு வருடமாகத் துப்பறியும் தொழில் நடத்தும் மனிதர் அவர். சந்தேகப்படுவதில் சமர்த்தர். ஒரே ஒரு குறை, காரில் ஏறினால் அவருக்கு வயிற்றைப் புரட்டும். இன்று அவர் துப்பறிய வந்திருப்பதோ ஒரு காரைப் பற்றி. அதை நினைத்து வேலூரில் பஸ் ஏறியது முதல் சிரித்துக்கொண்டே வந்தவள் அவருடைய உதவியாளர் தனக்கோடி. துப்பறிய வருமுன் எட்டு வருடம் வேலூரில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையின் கவுண்டரில் நின்றவள். எந்தத் துருப்பிடித்த துண்டை நீட்டினாலும் அது எந்த வண்டியின் எந்த மூலையில் இருந்தது என்று சொல்லிவிடுவாள்.

அவர்களை அழைத்து வந்தவள் மூலையிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பாக்கியமேரி. மிஷன் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். லாக்கப்பில் இருக்கும் மெக்கானிக் சிங்கராயரின் மனைவி. விடிகாலை முதல் பஸ்ஸில் வேலூர் வந்து தணிகாசலத்தின் கதவைத் தட்டியவள்.

"அவர் செய்யலைங்க," என்று இப்போதும் அதையேதான் சொன்னாள். "வேணும்னு ஒரு உயிரை எடுக்கற மனுஷன் இல்ல. ஆனா கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறார். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

எல்லப்பன் விரலை மடக்கிக் கேஸைச் சொன்னார். போன திங்கட்கிழமை பட்டு வியாபாரி ஜெகநாதன் சிங்கராயரின் ஷெட்டுக்கு வந்திருக்கிறார். புதன்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம். அவருடைய பழைய அம்பாஸடர் பின் சக்கரங்களைக் கழற்றிப் போட்டபடி கிடந்தது. அவர் நடுத்தெருவில் நின்று, வேலை தெரியாதவனுக்கெல்லாம் ஷெட் எதற்கு என்று கத்தியிருக்கிறார். முப்பது பேர் கேட்டார்கள். சிங்கராயர் பதிலுக்குச் சொன்னதையும் அதே முப்பது பேர் கேட்டார்கள். நாளைக் காலை வண்டி உங்கள் வாசலில் நிற்கும், அப்புறம் அது உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்.

சொன்னபடி செவ்வாய்க்கிழமை காலை வண்டி வாசலில் நின்றது. செவ்வாயும் புதனும் ஒழுங்காக ஓடியது. வியாழக்கிழமை மழையில் சந்தவாசலிலிருந்து திரும்பும்போது ஆற்றுத் தரைப்பாலத்தைத் தாண்டி, மேடு ஏறி இறங்கிய வளைவில் பிரேக் பிடிக்காமல் நெல் குடோன் சுவரில் மோதியது. ஜெகநாதனுக்கு மணிக்கட்டு முறிவு. டிரைவர் பழனிக்குத் தாடையும் விலா எலும்பும் போய் வேலூர் ஆஸ்பத்திரியில் பேச்சில்லாமல் கிடக்கிறான்.

"நேத்து வேலூர்லேருந்து வண்டி சோதிக்கறவங்க ரெண்டு பேர் வந்து பின் சக்கரத்தைக் கழட்டிப் பாத்தாங்க," என்றார் எல்லப்பன். "உள்ள வெள்ளையா ஒரு பவுடர். ரெண்டு பக்கமும். ஏதோ கெமிக்கல்னு சொன்னாங்க."

"தெரியாம நடந்த தப்பா இருக்கலாமே," என்றார் தணிகாசலம்.

"யாருக்கு? சிங்கராயருக்கா?" எல்லப்பன் சிரித்தார். "முப்பது வருஷமா இந்த ஊர் வண்டி பூரா அவர் கைதான் சார். எங்க ஜீப்பு உட்பட. அவருக்குத் தெரியாம ஒரு நட்டு கழலாது. அதனாலதான் சொல்றேன், வேணும்னே செஞ்சது."

லாக்கப் கம்பிக்குப் பின்னால் சிங்கராயர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது, நரைத்த மீசை, கிரீஸ் ஏறிய நகங்கள். தணிகாசலம் ஐந்து கேள்வி கேட்டார். ஐந்துக்கும் சுவர்தான் பதில் சொல்லும் போலிருந்தது. திரும்பும்போது மட்டும் அந்த ஆள் எல்லப்பனைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"போளூருக்கு பஸ்லயே போலாங்க ஐயா."

"காலைலேருந்து இதே பாட்டு," என்றார் எல்லப்பன். "பஸ்ல போனா வழியில எறங்கி ஓடிடலாம்னு நெனப்பு."

கையில் விலங்கோடு ஊர் ஜனம் பூராவும் பார்க்க பஸ்ஸில் போவதற்கு எந்த மானஸ்தன் ஆசைப்படுவான் என்று தணிகாசலம் யோசித்தார். அந்த ஆள் மேல் அவருக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

நொறுங்கிய அம்பாஸடர் ஸ்டேஷனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கல் முட்டுக் கொடுத்து நின்றது. பின் சக்கரங்களும் டிரம்களும் தனியே கிடந்தன. தணிகாசலம் பத்தடி தள்ளி நின்றுகொண்டார்.

"வண்டி ஓடல சார், கிட்ட வரலாம்," என்றாள் தனக்கோடி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டே.

"நீ பாத்துச் சொல்லு. எனக்கு இங்கிருந்தே புரியும்."

அவள் ஒரு செங்கல் மேல் உட்கார்ந்தாள். "மொதல்ல பாடம். கவுத்துப் போட்ட குண்டான் மாதிரி கீதே, இதான் டிரம். சக்கரத்தோட சுத்தும். அதுக்குள்ள பிறை மாதிரி ரெண்டு ஷூ. பெடலை மிதிச்சா ரெண்டும் விரிஞ்சு டிரம்மைக் கவ்வும். வண்டி நிக்கும். பின்னால ரெண்டு சக்கரம், மொத்தம் நாலு ஷூ. பாஸா?"

"பாஸ். இப்ப இதுல எதைக் கெடுத்திருக்கான்?"

தனக்கோடி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். நேரம் போகப் போக அவள் முகத்தில் குழப்பம் ஏறியது.

"ஒண்ணையும் கெடுக்கல சார். ஷூவைத் தள்ளற சிலிண்டர்ல ஒழுக்கு இல்ல, வாஷர் புதுசு. ஸ்பிரிங் எல்லாம் அததோட ஓட்டையில ஒழுங்கா கீது. ஷூ உரசற இடத்துல பொட்டு வச்ச மாதிரி கிரீஸ் வச்சிருக்காரு. எங்க கடைக்கு வந்த நூறு மெக்கானிக்ல ரெண்டு பேர்தான் இதைச் செய்வாங்க. ஒருத்தனைக் கொல்லணும்னா ஒரு ஸ்பிரிங்கை உருவிட்டுப் போயிகினே இருக்கலாம். பொட்டு வச்சுகினு உக்காந்திருப்பானா?"

"டிரைவர் தப்பா இருக்குமோ?"

"ஹேண்ட் பிரேக் லீவர் மேல தூக்கினபடியே நிக்குது. அவனும் கடைசி வரைக்கும் இழுத்துப் பாத்திருக்கான் பாவம். ஆனா அதுவும் இதே பின் ஷூவைத்தான் இழுக்கும். ஷூ பிடிக்கலைன்னா எதை இழுத்து இன்னா பிரயோஜனம்." அவள் ஒரு ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பினாள். "சார், இதான் இடிக்குது. ஆக்ஸில்ல எண்ணெய் ஒழுகாம அடைக்கற ஆயில் சீல் புதுசா போட்டிருக்கு. அப்ப பழைய சீல் ஒழுகியிருக்கு. ஒழுகின கியர் ஆயில் நேரா ஷூவுலதான் எறங்கும். இந்த ஷூ பழசு, பாதி தேஞ்சது. அது எண்ணெயில ஊறி கறுப்பா இருக்கணும். இது கல்யாணப் பொண்ணாட்டம் வெளுத்துப் பளிச்சுனு கீது."

"பெட்ரோல் விட்டுக் கழுவியிருப்பான்."

"மேலால கறை போவும். உள்ள எறங்கினது சூடு ஏறினா வேர்த்து வெளிய வந்துடும். அதனாலதான் எண்ணெய் பட்ட ஷூவைத் தூக்கிப்போட்டுப் புதுசு வாங்கச் சொல்லுவோம். கடைக்கு வியாபாரம்னு நெனச்சுக்காதீங்க, நெசமாவே அதான் முறை."

ஆக, யாரோ ஒருவன் உள்ளே இறங்கிய எண்ணெயையும் வேரோடு எடுத்திருக்கிறான். எப்படி? தணிகாசலம் வயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். ஷூவின் இரும்பில் ஸ்பிரிங் மாட்டும் ஓட்டையைச் சுற்றி ஒரு சாயல் தெரிந்தது. துருவின் நிறம் இல்லை. வாடாமல்லி நிறம்.

"மெக்கானிக் ஷெட்ல வாடாமல்லி நிறத்துல இன்னா இருக்கும்?" என்றார்.

"ஒண்ணும் இருக்காது. எங்க கலர் ரெண்டுதான் சார். கறுப்பு, இன்னும் கொஞ்சம் கறுப்பு."

எல்லப்பனிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து ஒரு ஷூவை வாங்கித் தனக்கோடியின் பையில் வைத்துக்கொண்டார்கள். பைக்குள் போடும்போது வெள்ளைப் பவுடர் அவள் இரண்டு கையிலும் அப்பிக்கொண்டது. மணி இரண்டு.

தரைப்பாலத்துக்கு சைக்கிள் ரிக்‌ஷாவில் போனார்கள். வியாழக்கிழமை பாலத்தின் மேல் முழங்கால் ஆழத்துக்கு ஓடிய தண்ணீர் இப்போது வடிந்து கீழே சலசலத்தது. வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. பாலத்தின் ஊர்ப் பக்கத்து முனையில் வேகவைத்த வேர்க்கடலை விற்கும் காசியம்மாள்தான் விபத்தை முதலில் பார்த்தவள். போலீஸ் அவளை விசாரித்துவிட்டு எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

"நான் சொன்னா நீங்களும் சிரிப்பீங்க சாமி," என்றாள் அவள், படியில் கடலையை அளந்தபடி.

"சிரிக்கிறதுக்கு நான் தனியா ஆள் வச்சிருக்கேன். நீங்க சொல்லுங்க."

தனக்கோடி முறைத்தாள். காசியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "வண்டி தண்ணியில எறங்கி ஏறிச்சு. டிரைவரு பிரேக்குல காலை வச்சு வச்சு எடுத்துகினே வந்தான், தண்ணி பட்டா அப்டித்தான் செய்வாங்க. மிதிக்க மிதிக்க சக்கரம் நுரை தள்ளுச்சு சாமி. காக்கா வலிப்பு வந்தவன் வாயில தள்ளும் பாரு, அந்த மாதிரி வெள்ளையா. பின் சக்கரம் ரெண்டும். முன்னால ஒண்ணும் இல்ல. யாரோ செய்வினை வச்சிருக்காங்க. அந்த மெக்கானிக் மேஸ்திரி நல்ல மனுசன், அவருக்கு அதெல்லாம் தெரியாது."

"நுரை," என்று தனக்கோடி ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவ ஆற்றில் இறங்கினாள். இறங்கியவள் அங்கேயே குனிந்து நின்றுவிட்டாள்.

"சார், இங்க வந்து பாருங்க."

அவள் இரண்டு கையிலும் நுரை பொங்கிக்கொண்டிருந்தது.

"சோப்பு கொண்டு வந்தியா?"

"நான் ஊருக்கு சோப்பு எடுத்துகினு வர்றவளா? இது அந்தப் பவுடர் சார். காஞ்ச சோப்பு. கெமிக்கலும் இல்ல, செய்வினையும் இல்ல." அவள் கையை முகர்ந்தாள். "காரமா கீது. சோடா உப்பும் கலந்திருக்கு."

தணிகாசலம் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு நாள் காய்ந்த ரோட்டில் ஒழுங்காகப் பிடித்த பிரேக். தண்ணீர் உள்ளே போனதும் ஷூவில் ஊறியிருந்த சோப்பு கரைந்து, மிதிக்க மிதிக்க நுரைத்து, டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவில் வழுக்கிவிட்டது. தண்ணீரில் நனைந்த முன் பிரேக் காய்வதற்குள் குடோன் சுவர் வந்துவிட்டது. பழனி என்ன செய்வான்? பிரேக்கைக் காயவைப்பதாக நினைத்து அவன் ஒவ்வொரு மிதியிலும் சோப்புக் கட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பாலத்துக்குக் கீழே இரண்டு ஆட்கள் பட்டு நூல் கழிகளைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் வாடாமல்லிச் சாயம் நீளமாக இறங்கிப் போனது.

"அவங்க யாரு?" என்று காசியம்மாளிடம் கேட்டார்.

"தசரதன் பட்டறை ஆளுங்க. ஜெகநாதன் கடைப் பட்டுக்குப் பூரா சாயம் அவங்கதான்."

ஜெகநாதனின் சாயக்காரர். வேலியே பயிரை மேய்ந்த கதையாக இருக்குமோ? ரிக்‌ஷாவில் ஏறும்போது தணிகாசலத்தின் சந்தேகம் சிங்கராயரை விட்டு இறங்கித் தசரதன் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

தசரதனின் பட்டறையில் நுழையும்போதே ஆவியும் சோப்பு வாடையும் முகத்தில் அடித்தன. அடுப்பின் மேல் பெரிய செப்பு அண்டாவில் சோப்பும் சோடாவும் கலந்த தண்ணீர் கொதித்தது. பட்டு நூல் வரும்போது விறைப்பாக இருக்கும். அதன் மேல் இருக்கும் கோந்தை இப்படிக் கொதிக்கவைத்து எடுத்தால்தான் மினுமினுப்பு வரும், சாயம் ஏறும். தசரதன் நெஞ்சு வரை மடித்துக் கட்டிய லுங்கியும் வாடாமல்லிக் கைகளுமாக வந்தார்.

பிரேக் ஷூ பற்றிக் கேட்டால் இவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார் என்று தணிகாசலத்துக்குப் பார்த்ததுமே தெரிந்தது. கேட்கவில்லை. பையிலிருந்து ஷூவை எடுத்து அண்டாவின் ஓரத்தில் வைத்தார்.

"உங்க பட்டறையில கொதிக்கவச்சு எடுத்ததுன்னாங்க. இன்னும் பிசுக்கு இருக்குதே. வேலை சரியில்லைங்க."

தசரதனின் முகம் மாறியது. "இன்னா பிசுக்கு? எங்க பிசுக்கு?" ஷூவை வெடுக்கென்று எடுத்துத் தேய்த்தார். "இது வந்தப்ப நீங்க பாத்திருக்கணும். காக்கா கறுப்பு. சிங்கராயர் அண்ணன் கொண்டாந்து, தசரதா, வேலூர்ல புது ஷூ வர எட்டு நாள் ஆவுமாம், நடுத்தெருவுல வச்சு அந்தாளு என்னை வேலை தெரியாதவன்னு சொல்லிட்டாரு, காலைல வண்டி நிக்கணும், இதுலேருந்து எண்ணெய எடுப்பியான்னு கேட்டாரு. எப்பேர்ப்பட்ட பசையா இருந்தாலும் நம்ம அண்டாவுல ரெண்டு கொதி தாங்காதுண்ணேன்னு சொன்னேன். சாயக் கயித்துல கோத்து நான்தான் விட்டேன். எட்டும் ஒண்ணு போல வெளுத்துச்சு. இதுல பிசுக்குன்னா நான் தொழிலை விட்டுடறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் எதைச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஷூ கையிலிருந்து நழுவியது.

"பிசுக்கு இல்லைங்க. சுத்தமாத்தான் இருக்கு," என்றார் தணிகாசலம் மெதுவாக. "எத்தனை தண்ணி அலசினீங்க?"

தசரதன் தரையைப் பார்த்தார். "பட்டுன்னா ஏழு தண்ணி. இரும்புதானேன்னு ரெண்டோட விட்டுட்டேன். அந்த வெள்ளைப் பவுடர்னு ஊர்ல பேசிக்கிறாங்களே, அது எங்கதா? வியாழக்கிழமைலேருந்து எனக்குத் தூக்கம் இல்லீங்க. ஜெகநாதன் முதலாளி கிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சுகினு சொல்லுவேன்?"

பூட்டு திறந்துவிட்டது என்று தணிகாசலம் நினைத்தார். கொலையும் இல்லை, கொலைகாரனும் இல்லை. தங்கள் தொழிலில் சூரர்களான இரண்டு பேர், ஒருவர் தொழிலை மற்றவர் அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்திருக்கிறார்கள். பட்டுச் சாயம் போடும் இந்த ஊரைத் தவிர வேறெங்கும் பிரேக்குக்குக் கோந்து எடுக்க எவனுக்கும் தோன்றாது.

ஆனால் தனக்கோடி நகரவில்லை.

"எத்தினி சொன்னீங்க?" என்றாள்.

"எட்டு."

"காருக்குப் பின்னால நாலுதான்."

"எட்டும்மா. என் கையால கோத்தேன். நாலு இந்த அளவு. நாலு இதைவிடக் கொஞ்சம் பெருசு. அதுவும் எண்ணெயில ஊறினதுதான். சேத்தே போட்டுடுன்னாரு அண்ணன்."

"எந்த வண்டியோடது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

மணி மூன்று இருபது. வெளியே தகரக் கூரை மேல் முதல் மழைத் துளிகள் விழுந்தன. எங்கேயோ ஒரு வண்டி சோப்பு பூசிய பிரேக்கோடு, ஒன்றும் அறியாமல் இந்த மழையில் கிளம்பப் போகிறது. எந்த வண்டி? ரிக்‌ஷாவில் ஏறிப் பாதித் தெரு வந்த பிறகு தணிகாசலம் திடீரென்று தொடையில் அடித்துக்கொண்டார்.

"மானஸ்தன் பஸ்ஸைக் கேக்க மாட்டான். ஜீப்புக்குப் பயந்தவன்தான் கேப்பான்," என்றார். "ஜல்தி போப்பா. மூணரை ஆச்சு."

அவர்கள் போய் இறங்கியபோது ஸ்டேஷன் வாசலில் மழையைப் பொருட்படுத்தாமல் ஒரு கூட்டம் நின்றது. ஜெகநாதன் தொட்டில் கட்டிய கையோடு குடை பிடித்து வேடிக்கை பார்த்தார். ஜீப்பின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எல்லப்பன் முன் சீட்டில் இருந்தார். சிங்கராயர் விலங்கிட்ட கையோடு ஜீப்புக்கு நேர் முன்னால் நின்றார். இரண்டு கான்ஸ்டபிள்கள் அவரை இழுக்க, அவர் பம்பரைப் பிடித்துக்கொண்டு அசைய மறுத்தார்.

"பேஜார் பண்ணாத சிங்கராயர்," என்றார் எல்லப்பன். "சரி, உன்னை இவங்க பஸ்ல கூட்டிகினு வரட்டும். நான் முன்னால போறேன். வழியை விடு."

"இதை எடுக்காதீங்க ஐயா. யாரும் ஏறாதீங்க."

தணிகாசலம் நனைந்தபடியே உள்ளே புகுந்தார். "எல்லப்பன் சார், ரோட்டுக்குப் போறதுக்கு முன்னால ஒரே ஒரு நிமிஷம். வாசல் பள்ளத்துல தண்ணி நிக்குது. அதுல வண்டிய நாலு தரம் முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லுங்க. மெதுவா, பிரேக்கை மிதிச்சு மிதிச்சு."

எல்லப்பன் கீழே இறங்கினார். அவருடைய முகத்தைப் பார்த்தால் துப்பறிவாளரையும் சேர்த்து உள்ளே வைத்துவிடுவார் போலிருந்தது. இருந்தாலும் டிரைவருக்குக் கை காட்டினார். ஜீப் பள்ளத்தில் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. மூன்றாவது தடவையே பிரேக் தடுமாறியது. நான்காவது தடவை டிரைவர் மிதித்தும் நிற்காமல் நழுவிப் போய்க் காம்பவுண்டுச் சுவரில் டொக்கென்று முட்டி நின்றது. மெதுவாகப் போனதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின் சக்கரங்கள் இரண்டின் உட்புறமிருந்தும் வெள்ளை நுரை சொட்டுச் சொட்டாகச் சேற்றில் விழுந்தது.

கூட்டம் ஓர் அடி பின்னால் போனது. எல்லப்பன் குனிந்து அந்த நுரையை விரலால் தொட்டுப் பார்த்தார். போளூர் போகும் வழியில் இருக்கும் தரைப்பாலமும், அதற்கு அப்பால் இருக்கும் வளைவுகளும் அவர் கண்ணுக்குள் ஓடியிருக்க வேண்டும்.

"என்னையுமா?" என்றார் கடைசியில். "ஜெகநாதன் உன்னைத் திட்டினாரு. நான் உனக்கு இன்னா கெடுதல் செஞ்சேன்?"

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதையாகிவிட்டது. ஒரு கேஸ் இப்போது இரண்டு கேஸ். பாக்கியமேரி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கெடுதல் செய்யறவன் ஜீப்பை மறிச்சுகினு நிக்க மாட்டான் சார்," என்றார் தணிகாசலம். அண்டாவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். அம்பாஸடரின் நாலும் ஜீப்பின் நாலுமாக எட்டு ஷூ, இரண்டு கொதி, இரண்டே தண்ணீர். "நேத்து வேலூர்க்காரங்க வெள்ளைப் பவுடர்னு பேசினது இவர் காதுல விழுந்திருக்கு. அப்பதான் இவருக்கே புரிஞ்சிருக்கு. இன்னிக்கு ஜீப்பு திரும்பினதுலேருந்து பஸ், பஸ்னு கேக்கறார்."

"புரிஞ்சா வாயைத் திறந்து சொல்றதுக்கு இன்னா?" எல்லப்பன் சிங்கராயரின் பக்கம் திரும்பினார். "சாயக்காரன் சொல்றது சாயக்காரனோட. உன் மனசுல இருந்ததை நீதான் சொல்லணும். ரெண்டு வண்டிய வேணும்னே கெடுத்தன்னா பத்து வருஷம். அஜாக்கிரதையா செஞ்சன்னா வேற செக்‌ஷன், கோர்ட்டுல மன்னிப்பும் கெடைக்கலாம். எது?"

சிங்கராயர் நுரை சொட்டிய சக்கரத்தைப் பார்த்தார். மழைத்தண்ணீர் மீசையிலிருந்து வழிந்தது.

"சொல்லுங்களேன்," என்றாள் பாக்கியமேரி.

"இன்னாத்த சொல்லச் சொல்ற?" முதல் தடவையாக அவருடைய குரல் உயர்ந்தது. "முப்பது வருஷம். நான் கை வச்ச வண்டி வழியில நின்னதில்ல. வேணும்னு செஞ்சான்னு சொன்னா ரோஷக்காரன்னு பேசிக்குவாங்க. ஜெயிலுக்குப் போயிட்டு வந்தாலும் ஒருத்தனாவது என்கிட்ட வண்டிய விடுவான். பிரேக்குல சோப்பு போட்டவன்னு சொல்லிட்டா? சைக்கிள் பஞ்சர்கூட எவனும் ஒட்டச் சொல்ல மாட்டான். ஊரே சிரிக்கும் மேரி."

தணிகாசலம் பல பொய்களைக் கேட்டவர். கொலைப்பழியிலிருந்து தப்பப் பொய் சொன்னவர்களை வரிசையில் நிறுத்தினால் ஸ்டேஷனைச் சுற்றி வரும். தப்பாமல் இருக்க வாயை மூடிக்கொண்ட ஒருவரை அன்றுதான் பார்த்தார். கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பாக்கியமேரி சுவரை விட்டு வந்தாள். மழையில் கணவனின் எதிரே நின்றாள்.

"காலைல முதல் பஸ்ஸுல உக்காந்துகினு ஒரே ஒரு ஜெபம்தான் பண்ணேன். என் புருஷன் கெட்டவன் இல்லன்னு யாராவது நிரூபிச்சா போதும்னு," என்றாள். "நீங்க கெட்டவனாவே இருந்துட்டுப் போறேங்கறீங்க. அங்க பழனி தாடையில கம்பி போட்டுப் படுத்திருக்கான். உங்களை அவன் வாத்தியாருன்னுதான் கூப்பிடுவான். நான் பிரேக்கை மிதிச்சும் வண்டி எதுக்கு நிக்கலைன்னு யோசிச்சுகினே கிடப்பான். அவன் மேல தப்பில்லைன்னு அவனுக்கு யாரு சொல்றது? ஊர் சிரிச்சா நானும் உங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கறேன். கொலைகாரன் பொண்டாட்டியா மட்டும் என்னால பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாது."

சிங்கராயர் அவளைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். அதில் அவரிடம் வண்டி விடாதவர்கள் யாருமில்லை. ஜெகநாதன் குடையை முகத்துக்கு நேரே இறக்கிக்கொண்டார்.

எல்லப்பன் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். "உள்ள வா, எழுதிக்கலாம்."

"இங்கயே எழுதுங்க ஐயா," என்றார் சிங்கராயர். "உள்ள சொன்னா வெளிய நாலு விதமா வரும்."

அவர் விலங்கிட்ட கையை மார்போடு சேர்த்துக்கொண்டு நிமிர்ந்தார். ஷெட்டில் என்ஜின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய அந்தக் குரல் தெருமுனை வரை கேட்டது.

"என் பேரு சிங்கராயர். மெக்கானிக். ரெண்டு வண்டிக்கும் பிரேக்கு போட்டது நான்தான். ஷூவை சோப்புத் தண்ணியில போட்டா இப்படி ஆவும்னு தெரியாம செஞ்சேன். எனக்கு அது தெரியல."